மூன்று டிவிகள், எதிரெதிர் தீர்ப்புகள்: வீரவநல்லூர் வீடு ஒன்றில் நடந்த தேர்வு

என் மாமா வீட்டுக்கு வாங்க நினைத்த டிவிகள் மூன்று: 55 அங்குல ஓஎல்இடி, 65 அங்குல மினி எல்இடி, 65 அங்குல கியூஎல்இடி. விலை ஒரு லட்சம் ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருந்தது. ஓஎல்இடிக்கு ஒரு பிரிட்டிஷ் விமர்சகர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, இந்த விலையில் இதைவிட நல்ல படம் கிடையாது என்று எழுதியிருந்தார். சென்னையிலிருந்து பேசும் யூடியூபர் ஒருவர் அதே டிவியை நம் ஊர் வீடுகளுக்கு ஆகவே ஆகாது என்றார். மினி எல்இடிக்கு ஓர் ஆய்வுக்கூடம் தாராளமாக மதிப்பெண் போட்டிருந்தது. இன்னொருவரோ, பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் வெளிறுகிறது, கறுப்புப் பின்னணியில் எழுத்தைச் சுற்றி ஒளி கசிகிறது என்று குறை சொன்னார். கியூஎல்இடியின் கதையும் இதேதான். ஒருவருக்குக் கொடுத்த காசுக்கு மேலான பொருள்; மற்றவருக்குக் கறுப்பு என்பதே இல்லாத சாம்பல் திரை.

மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெங்களூரில் வேலை பார்க்கும் அத்தான் அனுப்பிய இந்த விமர்சனங்களை எல்லாம் படித்து, ஒரு நோட்டில் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு வந்து நின்றன. "மாப்பிள்ளை, இதில் யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். அது யாரென்று மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்" என்றார்.

சில இடங்களில் அதுவும் நடக்கத்தான் செய்கிறது. விற்பனை இணைப்பில் கமிஷன் பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி அனுப்பிய டிவியை வெளியீட்டுக்கு முன்பே ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாமாவின் நோட்டில் இருந்த முரண்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. ஒவ்வொரு விமர்சகரும் தாம் உட்கார்ந்த அறையில், தாம் அளந்த திரையில், தாம் ஓட்டிய படத்தில் கண்டதைச் சரியாகவே சொல்லியிருந்தார். அந்த அறையையும் திரையையும் படத்தையும் விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் முரண் பிறக்கிறது. அவற்றைத் திரும்பச் சேர்த்துப் படித்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதற்கு முதலில் நம் வீட்டை எழுத வேண்டும். விமர்சனங்களை மூடி வைத்துவிட்டு நாங்கள் அதைத்தான் செய்தோம்.

வீடும் ஆட்களும்

திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில் தெருவை ஒட்டிய பழைய வீடு. முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், அடுத்து பட்டாசல் என்கிற கூடம், அதற்கப்பால் கம்பி போட்ட முற்றம். டிவி இருப்பது பட்டாசலில். முற்றத்திலிருந்து பகல் முழுக்க வெளிச்சம் வரும். திரைச்சீலை கிடையாது, போட்டாலும் காற்று நின்றுவிடும் என்பதால் அத்தை சம்மதிக்க மாட்டார். கைபேசிச் செயலியால் தோராயமாக அளந்தபோது, முற்பகலில் டிவி மாட்டும் சுவர்ப் பக்கம் 200 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளவில் வெளிச்சம் இருந்தது.

காலை காப்பியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை செய்திச் சேனல் ஓடும், பெரும்பாலும் ஒரே சேனல். அது மாமாவுடையது. இரவில் தொடர் அத்தையுடையது. கிரிக்கெட் நாளில் வளவில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வந்து பத்தமடைப் பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். அத்தான் விடுமுறைக்கு வந்தால் நள்ளிரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பார். கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸில் வருவது பெரும்பாலும் சாதாரணத் தரச் சேனல்கள், எச்டி சில மட்டும். இணைய இணைப்பு அண்மையில் வந்தது.

மாமாவின் சாய்வு நாற்காலி டிவிக்கு நேரே பதினோரு அடியில். அத்தை உட்காருவது அடுக்களை வாசலையொட்டி, பக்கவாட்டில். பாயில் இருக்கும் பிள்ளைகள் ஏழடி தூரத்தில், தரையில்.

இந்த மூன்று பத்திகளுக்கும் எந்த விமர்சகரும் பொறுப்பல்ல. இவற்றை வைத்துக்கொண்டுதான் அவர்களைப் படிக்க முடியும்.

கறுப்பு எவ்வளவு கறுப்பு

ஓஎல்இடியைப் புகழ்ந்தவரும் மறுத்தவரும் மோதிக்கொண்ட முதல் இடம் கறுப்பு. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி விடுகிறது. அணைந்தால் முழுக்க அணைந்துவிடும். எல்சிடி வகையில் (நிறத்தைக் கூட்டும் நுண்துகள் படலம் கொண்ட கியூஎல்இடி, பின்விளக்கைப் பல சிறு பகுதிகளாகப் பிரித்து ஏற்றி இறக்கும் மினி எல்இடி இரண்டும் இதில் அடக்கம்) பின்னால் எரியும் விளக்கின் ஒளியைத் திரை தடுக்கிறது. முழுக்கத் தடுக்க அதனால் முடியாது. எல்சிடி திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. விஏ வகைத் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 4000-க்கு 1 என்று வைத்துக்கொள்ளலாம். ஐபிஎஸ் வகையில் அது 1000-க்கு 1 அளவில்தான் இருக்கும். ஓஎல்இடியில் கறுப்பு பூஜ்யம் என்பதால் விகிதத்துக்கு எல்லையே இல்லை. பிரிட்டிஷ் விமர்சகர் மயங்கியது இதில்தான், அதில் தவறும் இல்லை.

ஆனால் அவர் பார்த்தது இருட்டறை. மாமாவின் பட்டாசலுக்குக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். திரையில் விழும் வெளிச்சத்தில் ஒரு சதவீதம் சிதறித் திரும்புகிறது என்று கொள்வோம். 200 லக்ஸில் ஒரு சதவீதத்தை எடுத்து, அதைப் பை என்ற எண்ணால் வகுத்தால் 0.64 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வருகிறது. அணைந்து கிடக்கும் கறுப்பின் மேல் அறையே பூசிவிடும் ஒளி இது. வெள்ளை 200 நிட் என்றால், ஓஎல்இடியின் விகிதம் எல்லையற்றதிலிருந்து சுமார் 315-க்கு 1 என்று இறங்குகிறது. விஏ வகை எல்சிடியின் சொந்தக் கறுப்பு 0.05 நிட், அதன் மேல் அதே 0.64 சேர்ந்து விகிதம் சுமார் 290-க்கு 1 ஆகிறது. 315-க்கும் 290-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பகலில் பட்டாசலில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கணக்கை மாமாவே பென்சிலால் இரண்டாம் முறை போட்டுப் பார்த்தார். அவர் நோட்டில் எதிரெதிராக இருந்த இரண்டு வரிகளும் அதற்குப் பிறகு ஒரே வரியாயின: விளக்கணைத்த அறையில் ஓஎல்இடிக்கு ஈடில்லை, முற்றம் திறந்த பகலில் அந்தப் பெருமை வெளியே தெரியாது.

பிரகாசத்திலும் இதே மாதிரி ஒரு சிக்கல். ஒரே ஓஎல்இடியை ஒருவர் 800 நிட் என்கிறார், இன்னொருவர் 200 கூட வரவில்லை என்கிறார். முதலாமவர் அளந்தது கறுப்புத் திரையின் நடுவில் பத்து சதவீதப் பரப்பில் காட்டிய வெள்ளைச் சதுரத்தை. இரண்டாமவர் அளந்தது முழுத்திரை வெள்ளையை. எல்லாப் பிக்சலும் சேர்ந்து எரிந்தால் மின்சாரமும் சூடும் ஏறும் என்பதால் ஓஎல்இடி தானாகவே பிரகாசத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரவுக் காட்சியில் ஒரு தெருவிளக்கு என்றால் முதல் எண் பொருந்தும். உச்சிவெயிலில் பச்சைப் பசேலென்ற கிரிக்கெட் மைதானம் திரை முழுக்க விரிந்தால் இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மினி எல்இடி டிவிகள் முழுத்திரையிலும் 500 நிட்டுக்கு மேல் தாங்குவது சாதாரணம். எனவே ஒரு விமர்சனத்தில் நிட் எண்ணைக் கண்டால், எவ்வளவு பரப்பில், எந்தப் பட நிலையில் (பிக்சர் மோட்) அளந்தது என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

செய்திச் சேனலின் தழும்பு

ஓஎல்இடி பற்றிய இரண்டாவது சண்டை பர்ன்-இன். ஒரே உருவம் ஒரே இடத்தில் நீண்ட நாள் எரிந்தால் அந்தப் பிக்சல்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, சேனல் மாற்றிய பிறகும் அந்த உருவத்தின் சாயல் திரையில் நின்றுவிடும். அதெல்லாம் பழைய கதை, இப்போது கிடையாது என்று ஒருவர் எழுதுகிறார். நிச்சயம் வரும் என்று மற்றவர் பயமுறுத்துகிறார்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் ஆய்வுக்கூடம் தான் சோதிக்கும் டிவிகளைத் தானே காசு கொடுத்து வாங்குகிறது. 2018-இல் அது எல்ஜியின் ஒரே மாடல் ஓஎல்இடி டிவிகள் ஆறை வாங்கி, நாளொன்றுக்கு 20 மணி நேரம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓட்டியது. இரண்டு டிவிகளில் சிஎன்என் செய்திச் சேனல். ஒன்றில் பிரகாசம் உச்சத்தில், மற்றதில் சுமார் பாதியில். செய்திச் சேனல் ஓடிய திரைகளில் லோகோவும் கீழ்ப்பட்டையும் தழும்பாக விழுந்தன, உச்சப் பிரகாசத்தில் ஓடியதில் அதிகமாக. ஒரு துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் மட்டும் ஓடிய திரையில் அப்படித் தழும்பு தெரியவில்லை.

அதற்குப் பின் வந்த திரைகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் பார்க்கிற பழக்கம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பதற்கு இந்தச் சோதனை போதும். பலதும் கலந்து பார்ப்பவருக்கு 'பயப்படாதீர்கள்' என்ற விமர்சகர் சரி. ஒரே செய்திச் சேனலைப் பகல் முழுக்க, அதுவும் வெளிச்சமான அறை என்பதால் பிரகாசத்தைக் கூட்டி வைத்துப் பார்க்கும் மாமாவுக்குச் சென்னை யூடியூபர் சரி. பெரும்பாலான வாரண்டி அட்டைகள் இந்தத் தழும்பை ஏற்பதும் இல்லை. இந்த இடத்தில் ஓஎல்இடி பட்டியலிலிருந்து விலகியது. அத்தானுக்கு வருத்தம்தான். ஆண்டில் சில வாரம் வருகிறவரின் நள்ளிரவுப் படத்துக்காக, நாள்தோறும் டிவி பார்க்கிற பெரியவரின் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

எந்தத் திரையை அளந்தார்கள்

மினி எல்இடி, கியூஎல்இடி இரண்டின் மேலும் இருந்த முரண்களில் சில மிக எளிதாக உடைந்தன. அமெரிக்க ஆய்வு 65 அங்குலத்தை அளந்திருந்தது. குறை சொன்ன இந்திய விமர்சகர் வைத்திருந்தது அதே வரிசையின் 50 அங்குலம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு மாறினால் உள்ளே திரையின் வகை மாறலாம். விஏ போய் ஐபிஎஸ் வரலாம், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை 60 ஆகலாம், பின்விளக்கின் பகுதிகள் குறையலாம். நாட்டுக்கு நாடும் மாறுவதுண்டு. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை ஒத்துப்போனால்தான் அது உங்கள் டிவியின் விமர்சனம்.

பழைய விமர்சனங்களின் 'விலைக்குத் தகுந்த மதிப்பு' என்ற வரியையும் அடித்துவிட்டோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதற்கு முன் எழுதப்பட்ட விலை ஒப்பீடு எதற்கும் இப்போது பொருளில்லை.

மதிப்பெண் விஷயத்தில் மாமா தம் அனுபவத்திலிருந்து ஒன்று சொன்னார். ஒரே விடைத்தாளை இரண்டு ஆசிரியர்கள் திருத்தினால் ஒருவர் 60 போடுவார், இன்னொருவர் 78 போடுவார். அதை வைத்துப் பையனை எடைபோடாமல், அதே ஆசிரியர் மற்றப் பையன்களுக்கு என்ன போட்டார் என்று பார்ப்பார்களாம். அப்படியே செய்தோம். ஒரு விமர்சகரின் 4.5-ஐ இன்னொருவரின் 8.1-உடன் ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரின் சொந்த வரிசையில் இந்த டிவிகள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொண்டோம். சோதனை முறையை மாற்றும்போது ஆய்வுக்கூடங்களே பழைய டிவியின் மதிப்பெண்ணை மாற்றுவதும் உண்டு.

இதைவிடப் பெரிய இடைவெளி, எந்த விமர்சனமும் மாமா பார்க்கிற சிக்னலைத் தொடவில்லை என்பது. அவர்கள் ஓட்டுவது 4கே வட்டு, 4கே ஸ்ட்ரீமிங். நம் சாதாரணத் தரச் சேனலின் படம் அதிகபட்சம் 720-க்கு 576 பிக்சல். 4கே திரையில் இருப்பது 3840-க்கு 2160. பெருக்கிப் பார்த்தால் சரியாக இருபது மடங்கு. திரையில் தெரியும் இருபது பிக்சலுக்கு ஒன்றுதான் சேனலிலிருந்து வருகிறது. மீதிப் பத்தொன்பதை டிவி தானே கணித்து நிரப்புகிறது. வீரவநல்லூரில் டிவியின் தரம் என்றால் முக்கால்வாசி இந்தக் கணிப்பின் தரம்தான். விமர்சனங்களில் இது குறைந்த தரப் படத்தைப் பெரிதாக்கும் திறன் என்று எங்கோ கீழே ஒரு வரியில் கிடக்கும். அந்த வரியை மேலே கொண்டுவந்தால் கியூஎல்இடி பின்தங்கியது. அதற்கு இன்னொரு குறையும் இருந்தது. விளக்குகள் ஓரத்தில் மட்டும் வைக்கப்பட்ட வகை அது. ஆர்டிங்ஸ் பின்னாளில் நூறு டிவிகளை நீண்ட நாள் ஓட்டிச் செய்த சோதனையில், ஓரவிளக்கு டிவிகள் சீரற்ற வெளிச்சத்தாலும் உள்ளே ஒளியைப் பரப்பும் தகடுகளும் தாள்களும் பழுதாவதாலும் அதிகம் அடிபட்டன.

தரையில் உட்காருகிறவர்களின் கோணம்

மினி எல்இடியின் மேல் இருந்த 'பக்கவாட்டில் வெளிறும்' என்ற குறை உண்மை. விஏ திரையின் இயல்பு அது. சோபாவில் நேரே உட்கார்ந்து எழுதியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. குடும்பமாகப் பார்த்தவர் பொருட்படுத்தினார். நம் வீட்டில் யாருக்கு இடிக்கும் என்று பார்த்தால் அத்தைக்கும் பாயில் இருக்கும் பிள்ளைகளுக்கும்.

விமர்சனங்கள் பெரும்பாலும் இடம் வலமாகத்தான் கோணத்தைச் சொல்கின்றன. கீழிருந்து மேலே பார்த்தாலும் விஏ திரை வெளிறும். பழைய டிவிக்கு மின்சாரப் பாயிண்ட் உயரத்தில் இருந்ததால் புதியதையும் அங்கேயே மாட்டுவது என்று பேசி வைத்திருந்தார்கள். அப்படி மாட்டினால் திரையின் நடு ஐந்தரை அடியில் நிற்கும். பாயில் இருக்கும் பிள்ளையின் கண் இரண்டரை அடியில். ஏழடி தூரத்தில் மூன்றடி ஏற்றம் என்றால் கோணம் சுமார் 23 டிகிரி. இந்த வகைத் திரையில் நிறம் குன்றுவது கண்ணுக்குத் தெரிகிற கோணம்தான் அது. கழுத்துவலி தனி. டிவியைத் தாழ்வான மேஜையில் வைத்தால் நடு மூன்றரை அடிக்கு இறங்கி, கோணம் எட்டு டிகிரியாகச் சுருங்குகிறது. நம் பக்கத்து வீடுகளில் டிவியை நிலைப்படிக்கு மேலே சாமி படம்போல் ஏற்றி மாட்டுவது எவ்வளவு நல்ல திரைகளைக் கெடுத்துவைத்திருக்கிறது என்பதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும். பாயிண்டை இறக்க எலக்ட்ரீசியனுக்கு அரைநாள் வேலை.

அத்தையின் இடத்தை நகர்த்த முடியாது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பார்ப்பது அவர் வழக்கம். அதனால் சுவரையொட்டி வைக்காமல், மேஜையை அடுக்களைப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பது என்று முடிவானது. மாமாவின் நாற்காலிக்கு இதனால் பாதகம் இல்லை.

அளவைப் பற்றி அதிகம் பேசவில்லை. பதினோரு அடிக்கு 55 போதும் என்பாரும் உண்டு, 80-க்கு மேல் வேண்டும் என்பாரும் உண்டு. பின்னவர் திரை பார்வையில் 30 டிகிரியை நிரப்ப வேண்டும் என்ற சினிமாக் கணக்கைப் போடுகிறார். செய்திக்கும் தொடருக்கும் அது தேவையில்லை. 65 மேஜையில் கொள்ளும், அதோடு விட்டோம்.

எதிரிகள் ஒத்துப்போன இடம்

எல்லாரும் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, "பேசுவது தெளிவாகக் கேட்குமா?" என்று அத்தை கேட்டார். திரும்பப் போய்ப் பார்த்தேன். வேறு எதிலும் ஒத்துப்போகாத விமர்சகர்கள் இதில் ஒரே குரலில் இருந்தார்கள்: மூன்று டிவிகளிலும் ஒலி மெலிவு, தனியே சவுண்ட்பார் வேண்டும். ஒலிபெருக்கி கீழ்நோக்கி இருப்பதும், மெல்லிய உடம்பில் இடம் இல்லாததும் காரணம். வெவ்வேறு அறையில், வெவ்வேறு ரசனையோடு, வெவ்வேறு கருவியால் பார்த்தவர்கள் ஒன்றைச் சேர்ந்து சொன்னால் அதை அப்படியே நம்பலாம். முரண்களை ஆராய்வதில் மூழ்கி இந்த ஒற்றுமைகளைத் தேடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். சவுண்ட்பாருக்கு முதலிலேயே பணம் ஒதுக்கினோம்.

கடையில்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஷோரூமுக்கு மாமாவும் நானும் போனோம். கடைகளில் டிவிகள் கண்ணைப் பறிக்கும் விற்பனை நிலையில், தயாரிப்பாளரின் 4கே காட்சியை ஓட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. "அண்ணாச்சி, ரிமோட்டைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கி, மூன்றையும் ஃபில்ம்மேக்கர் மோட் என்ற நிலைக்கு மாற்றினேன். 2019-இல் அறிவிக்கப்பட்ட இந்த நிலை, டிவி தன்னிச்சையாகச் செய்யும் மெருகூட்டல்களை நிறுத்திவிடும். அப்போது திரைகளைச் சமமாக ஒப்பிடலாம். பிறகு செட்டாப் பாக்ஸை இணைத்து மாமாவின் செய்திச் சேனலைப் போடச் சொன்னோம். கடைப்பையனுக்கு அதில் விருப்பமே இல்லை. படம் மோசமாகத் தெரியும் சார் என்றான். மோசமாகத்தான் தெரிந்தது, மூன்றிலும் வெவ்வேறு அளவில். கீழே ஓடும் எழுத்துகளின் விளிம்பு கியூஎல்இடியில் நடுங்கியது. மினி எல்இடியில் ஒழுங்காக நின்றது. பிறகு மாமா தரையில் குந்தி உட்கார்ந்து கீழிருந்து பார்த்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

ஸ்டெபிலைசர் கட்டாயம் என்றார் விற்பனையாளர். டிவியின் பின்பக்கம் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தது. அந்த எல்லைக்குள் ஏற்ற இறக்கத்தை டிவியே சமாளிக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வரும் மின்பாய்ச்சல் வேறு சங்கதி. அதற்கு நல்ல எர்த்தும், பாய்ச்சலைத் தடுக்கும் பாதுகாப்புக் கருவியும், இடி முழங்கும்போது பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்கவில்லை.

முடிவு

65 அங்குல மினி எல்இடியும் ஒரு சவுண்ட்பாரும் வந்தன. எழுத்தைச் சுற்றி ஒளி கசியும் என்ற குறை இருட்டில் தெரிகிறது. பட்டாசலில் இரவிலும் விளக்கு எரிவதால் மாமாவும் அத்தையும் அதைக் கண்டதில்லை, அத்தான் கண்டார். பகலுக்கு ஒரு பட நிலையும், அவர் வரும்போது விளக்கணைத்துப் பார்க்க ஃபில்ம்மேக்கர் மோடும் என்று இரண்டைப் பிரித்து வைத்திருக்கிறோம். கிரிக்கெட்டுக்கு அசைவை மென்மையாக்கும் வசதியைக் குறைந்த அளவில் விட்டிருக்கிறோம். படத்துக்கு அதை முழுக்க அணைத்துவிட வேண்டும்.

ஒரு முரண் தீரவில்லை. இந்த டிவியின் மென்பொருள் ஓரிரு ஆண்டில் மந்தமாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொருவர். இருவரும் அதை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்ததற்கு அவர்கள் எழுத்தில் அடையாளம் இல்லை. அதனால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மந்தமானால் சிறு ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அத்தான் இப்போது மாடியறைக்குத் தனியாக ஒரு டிவி பார்க்கிறார். அங்கே ஒரே ஜன்னல், அதுவும் மரக்கதவோடு. பார்ப்பது அவர் ஒருவர், படம் மட்டும், கட்டிலில் நேரே சாய்ந்து. மாமா அதே நோட்டில் புதுப் பக்கம் திறந்து அந்த அறையை எழுதி, அதே விமர்சனங்களை மறுபடி வரிசைப்படுத்தினார். இந்த முறை ஓஎல்இடி முதலில் வந்தது.